காமிராவுக்கு எத்தனை மின்கலம் வேண்டும்?

களமருதூரில் ஒரு திருமணம். முகூர்த்த வேளை நெருங்கிவிட்டது. மணமகன் தாலியைக் கையில் எடுத்தார். "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று குரல் எழுந்தது. நாதஸ்வரமும் தவிலும் ஒருசேர முழங்கின. அட்சதை பறந்தது. மணமேடையின் ஓரத்தில் முழந்தாளிட்டிருந்த புகைப்படக்காரர் பொத்தானை அழுத்தினார். ஒரு படம் பதிவாயிற்று. மறுமுறை அழுத்தியபோது காமிரா அசையவில்லை. அதன் பின்புறத் திரை இருண்டுபோயிற்று. அவர் அடிமூடியைத் திறந்து, பேட்டரியை மாற்றி, மூடியை அடைத்துத் தலை நிமிர்ந்தபோது மூன்றாவது முடிச்சும் விழுந்துவிட்டது.

அந்தப் புகைப்படக்காரர் என் பழைய மாணவர். நானும் அன்று பந்தியில் அமர வேண்டிய விருந்தினனாக அங்கிருந்தேன். காலையில் பார்த்தபோது பேட்டரியின் அளவுக்கோடு பாதிக்கு மேல் காட்டியது என்று அவர் சத்தியம் செய்தார். பெண் வீட்டார் அதை ஏற்கவில்லை. பேசிய தொகையில் ஒரு பகுதி பிடித்தமாயிற்று. பிடித்தத்தைவிட, "தாலி கட்டும் படத்தைக் கோட்டை விட்டவர்" என்ற பெயர்தான் அவரை வாட்டியது. சிறிய ஊரில் இத்தகைய பெயர் எளிதில் அழியாது.

சில நாட்களில் அவர் கடன் வாங்கி, நகரத்துக் கடையொன்றில் பழைய "பேட்டரி கிரிப்" ஒன்றை வாங்கினார். காமிராவின் அடியில் திருகாணியால் பொருத்தப்படும் இந்தப் பிடியில் இரண்டு மின்கலங்களை வைக்கலாம். செங்குத்தாகப் பிடித்துப் படமெடுப்பதற்கு இன்னொரு பொத்தானும் அதில் உண்டு. இதை மாட்டினால் படங்கள் வேகமாகவும் விழும் என்று கடைக்காரர் கூறினாராம். ஒரு வாரம் கழித்துக் காமிராவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், வெயிட்டுதான் கூடியிருக்கு. வேகம் கூடவே இல்ல. நான் ஏமாந்துட்டேனா?"

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. காமிராவுக்குள் மின்சாரம் எப்படி நுழைந்தது, என்ன வேலைக்காக நுழைந்தது என்ற வரலாற்றைத் தெரிந்துகொண்டால்தான் விடை விளங்கும்.

மின்சாரம் வேண்டாத காமிரா

இத்தாலிய அறிஞர் வோல்டா தம் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்த ஆண்டு 1800. பிரான்சில் டாகேரின் ஒளிப்பட முறை வெளியிடப்பட்ட ஆண்டு 1839. ஆகவே மின்கலம் காமிராவுக்கு மூத்தது. ஆயினும் நெடுங்காலம் இவ்விரண்டும் ஒன்றையொன்று நாடவில்லை. காரணம் எளியது. வெள்ளி உப்புகளின்மீது ஒளி பட்டால் வேதி மாற்றம் தானே நிகழ்கிறது. படம் பதிவதற்கு வேண்டிய ஆற்றலை ஒளியே கொண்டுவருகிறது.

தமிழ்நாட்டுக் கோவில்களை முதன்முதலில் விரிவாகப் படமெடுத்தவர்களுள் ஒருவர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த அவர் 1858 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் பணிபுரிந்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். பெரிய மரக் காமிரா, மெழுகேற்றிய காகிதம், வேதிப்பொருட்கள் எனப் பெருஞ்சுமையுடன் அவர் ஊர் ஊராகச் சென்றார். அந்தச் சுமையில் ஒரு மின்கலம்கூடக் காமிராவுக்காக இல்லை.

இந்த நிலை நூறாண்டுக்கு மேல் நீடித்தது. உதகமண்டலத்தில் 1960 இல் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967 முதல் பிலிம் தயாரித்தது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் அந்தப் பிலிமைப் பயன்படுத்திய காமிராக்கள் பலவற்றில் பிலிமை நகர்த்துவது விரல், ஷட்டரை இயக்குவது சுருள்வில். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. ஆனால் அக்காலத்துக் காமிரா ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், அதன் ஷட்டர் இன்றும் "டிக்" என்று இயங்கக்கூடும்.

மின்கலத்தின் முதல் வேலைகள்

மின்கலம் காமிராவுக்குப் பக்கத்துணையாக வந்தது பிளாஷ் வாயிலாகத்தான். 1887 இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த பிளாஷ் பொடி உருவாயிற்று. பொடியைக் கொளுத்தினால் கண்ணைப் பறிக்கும் ஒளியும் புகையும் தீ விபத்தும் சேர்ந்தே வந்தன. 1929 இல் அதே நாட்டில் கண்ணாடிக் குமிழுக்குள் உலோகத் தகட்டை எரிக்கும் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. அதைப் பற்றவைக்க டார்ச் விளக்கில் போடுவது போன்ற உலர் மின்கலம் போதும்.

அடுத்து வந்தது ஒளிமானி. 1930களின் ஒளிமானிகளில் செலீனியம் பயன்பட்டது. ஒளி பட்டால் செலீனியம் தானே மின்னோட்டத்தைத் தரும், மின்கலம் தேவையில்லை. ஆனால் மங்கிய ஒளியில் அது சோர்ந்துவிடும். 1960களில் அதன் இடத்தைக் காட்மியம் சல்பைடு பிடித்தது. ஒளி பட்டால் இதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளக்க வெளியிலிருந்து மின்னோட்டம் வேண்டும். எனவே 1.35 வோல்ட் தரும் பாதரசப் பொத்தான் மின்கலம் காமிராவுக்குள் குடிபுகுந்தது. பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாகப் பிற்காலத்தில் பல நாடுகள் அதைக் கைவிட்டன.

இதுவரை மின்கலம் ஓர் ஆலோசகர் மட்டுமே. அது தீர்ந்தால் ஒளிமானிதான் நிற்கும், படம் எடுக்கலாம். 1976 இல் வெளிவந்த கானன் ஏ.ஈ.-1 போன்ற காமிராக்களில் இந்த நிலை மாறியது. ஷட்டரையே மின்னணுச் சுற்று ஆளத் தொடங்கியது. மின்கலம் தீர்ந்தால் காமிராவும் ஊமை. களமருதூர் மண்டபத்தில் நேர்ந்த விபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கிரிப்பின் பாட்டனார்

விளையாட்டையும் பறவைகளையும் படமெடுப்போருக்குக் கைவிரல் வேகம் போதவில்லை. 1934 இல் ஜெர்மனியில் வந்த ரோபோ என்ற காமிரா, கடிகாரம் போல் சாவி கொடுத்த சுருள்வில்லால் பிலிமை நகர்த்தியது. 1959 இல் ஜப்பானின் நிக்கான் எஃப் காமிராவுக்கு எஃப்-36 என்ற மின்மோட்டார் கிடைத்தது. முதலில் அதன் மின்கலங்கள் தனிப்பெட்டியில் தொங்கின. பெட்டிக்கும் காமிராவுக்கும் இடையே ஒரு கம்பி. பிறகு அந்தப் பெட்டி காமிராவின் அடியிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைய பேட்டரி கிரிப்பின் பாட்டனார் இவரே.

இங்கே இயற்பியல் மாணவர் ஒருவர் மகிழத்தக்க எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1988 இல் வந்த நிக்கான் எஃப்-4 காமிராவுக்கு இருவகைப் பிடிகள் விற்றன. சிறியதில் பேனா டார்ச்சுக்குப் போடும் ஏஏ மின்கலங்கள் 4, பெரியதில் 6. சிறிய பிடியுடன் காமிரா நொடிக்கு ஏறத்தாழ 4 படங்கள் எடுத்தது. பெரிய பிடியுடன் 5.7 படங்கள் எடுத்தது. காமிரா அதே காமிரா; மோட்டார் அதே மோட்டார்.

இதற்குக் காரணம் யாது? தொடர் இணைப்பில் 4 மின்கலங்கள் 6 வோல்ட் தரும். 6 மின்கலங்கள் 9 வோல்ட் தரும். நேர்மின்னோட்ட மோட்டார் சுழலும்போது தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னியக்கு விசையைத் தோற்றுவிக்கிறது. வேகம் கூடக்கூட இந்த எதிர்விசையும் கூடும். அது தரப்பட்ட மின்னழுத்தத்தை நெருங்கும்போது மோட்டாரின் வேகம் அதற்குமேல் ஏறாது. ஆகவே அழுத்தம் உயர்ந்தால் வேகத்தின் உச்சவரம்பும் உயர்கிறது. அழுத்தம் 1.5 மடங்கு ஆகும்போது படவேகம் ஏறக்குறைய 1.4 மடங்கு ஆயிற்று.

ஆக, வேகத்தைக் கூட்டியது பிடி அன்று; பிடிக்குள் இருந்த மின்னழுத்தம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

டிஜிட்டல் காமிராவின் பசி

1975 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவை உருவாக்கினார். நீளத்தில் 100, அகலத்தில் 100 என மொத்தம் 10,000 புள்ளிகள் கொண்ட படம். அதை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள். கருவியின் எடை சுமார் 3.6 கிலோகிராம். அதை இயக்க 16 நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் தேவைப்பட்டன.

ஏன் இத்தனை? பிலிமில் ஒளி வேதி மாற்றத்தைச் செய்துவிட்டு ஓய்ந்துவிடும். டிஜிட்டல் காமிராவிலோ ஒளி விழுந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. உணர்வியின் ஒவ்வொரு புள்ளியிலும் சேர்ந்த மின்னூட்டத்தைப் படிக்க வேண்டும், பெருக்க வேண்டும், எண்ணாக மாற்ற வேண்டும், நினைவகத்தில் எழுத வேண்டும், திரையில் காட்டவும் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மின்னாற்றல் வேண்டும்.

1991 இல் கோடாக் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் காமிரா, நிக்கான் எஃப்-3 காமிராவின் உடலில் அமைந்தது. அதில் ஏறத்தாழ 13 லட்சம் புள்ளிகள். படங்களைச் சேமிக்கும் 200 மெகாபைட் வட்டும் அதற்கான மின்கலமும் ஒரு தனிப்பெட்டியில் இருந்தன. அதைப் படமெடுப்பவர் தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். டிரைப்பின் சுமை வேறு வடிவில் திரும்பி வந்தது எனலாம்.

அதே 1991 இல்தான் அந்தச் சுமையை இறக்கிய பொருளும் வந்தது. விட்டிங்காம், குடினஃப், யோஷினோ ஆகியோரின் ஆராய்ச்சிகளின் பயனாக லித்தியம் அயனி மின்கலத்தை சோனி நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்தது. இம்மூவருக்கும் 2019 இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்று 1.2 வோல்ட் தரும். லித்தியம் அயனி மின்கலம் ஒன்றே சுமார் 3.6 வோல்ட் தரும், எடையும் குறைவு. இத்தகைய இரண்டைத் தொடராக இணைத்து ஒரே உறைக்குள் அடைத்ததுதான் பெரும்பாலான பெரிய காமிராக்களில் நாம் காணும் 7.2 அல்லது 7.4 வோல்ட் பேட்டரி.

கிரிப்புக்குப் புது வாழ்வு

பிலிமை இழுக்கும் வேலை மறைந்தபின் கிரிப்பும் மறைந்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. 2000 இல் வந்த கானன் டி-30 டிஜிட்டல் காமிராவுக்கே இரண்டு பேட்டரிகள் கொள்ளும் பிடி கிடைத்தது. அதன் வேலை மாறியிருந்தது. வேகத்தைத் தருவதைவிட, நெடுநேரம் தாங்குவது முதன்மை ஆயிற்று.

கணக்குப் பார்ப்போம். 2008 இல் வந்த கானன் 5டி மார்க்-2 காமிராவின் பேட்டரி 7.2 வோல்ட், 1,800 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 13 வாட்-மணி. நம் வீட்டின் 75 வாட் மின்விசிறியை இது பத்து நிமிடம்தான் சுழற்றும். இந்தச் சிற்றாற்றலில் அந்தக் காமிரா சுமார் 850 படங்கள் எடுக்கும் என்று தயாரிப்பாளர் அறிவித்தார். கிரிப்பில் இரண்டு பேட்டரிகள் வைத்தால் 26 வாட்-மணி. படங்களும் இரு மடங்கு. ஆனால் ஒவ்வொரு பேட்டரியின் அழுத்தமும் அதே 7.2 வோல்ட். ஆகவே நொடிக்கு 3.9 படங்கள் என்ற அதன் வேகத்தில் மாற்றமே இல்லை.

2007 இல் வந்த நிக்கான் டி-300 வேறு பாடம் சொல்கிறது. அது தன் 7.4 வோல்ட் பேட்டரியில் நொடிக்கு 6 படங்கள் எடுத்தது. கிரிப்பை மாட்டி அதில் அதே வகைப் பேட்டரியை வைத்தாலும் 6 படங்கள்தான். ஆனால் அந்தக் கிரிப்பில் 11.1 வோல்ட் பேட்டரியையோ 8 ஏஏ மின்கலங்களையோ வைத்தால் வேகம் 8 படங்களாயிற்று. கண்ணாடியைத் தூக்கி இறக்கி, ஷட்டரை மீண்டும் தயார் செய்து, நொடியில் எட்டில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிய வேண்டும். அதற்கு உயர்ந்த அழுத்தம் உதவியது.

கடைக்காரர் இப்படிப்பட்ட ஏதோ ஒரு காமிராவைப் பற்றிக் கேள்விப்பட்டதை எல்லாக் காமிராவுக்கும் பொருத்திவிட்டார் போலும். பாதி உண்மை முழுப் பொய்யைவிடச் செலவு வைக்கும்.

கிணறும் ஊற்றும்

இனி என் மாணவரின் முதல் துன்பத்துக்கு வருவோம். பாதிக்கு மேல் காட்டிய பேட்டரி ஏன் திடீரென்று படுத்தது?

கிணற்றில் ஓர் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. பம்புசெட்டைப் போட்டதும் சில நிமிடங்களில் நீர் கீழே இறங்கி, குழாய் காற்றை உறிஞ்சுகிறது. மோட்டாரை நிறுத்தினால் சற்று நேரத்தில் நீர் மீண்டும் ஏறுகிறது. ஊற்றுக்கண் அடைபட்டுவிட்டது என்று உழவர் கூறுவார். பேட்டரியின் ஊற்றுக்கண் அதன் அகத்தடை. பழகப் பழக, வெயிலில் கிடக்கக் கிடக்க, லித்தியம் பேட்டரியின் அகத்தடை ஏறுகிறது.

அவருடைய இரண்டு பேட்டரிகளையும் கல்லூரி ஆய்வகத்தில் அளந்தோம். சும்மா இருக்கும்போது பழையது 7.9 வோல்ட், புதியது 8.0 வோல்ட். வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். 10 ஓம் கம்பிச்சுருள் தடையை இணைத்ததும் புதியது 7.8 வோல்ட்டில் நின்றது. பழையது 6.8 வோல்ட்டுக்குச் சரிந்தது. ஓம் விதிப்படி கணக்கிட்டால் புதியதன் அகத்தடை 0.26 ஓம், பழையதன் அகத்தடை 1.6 ஓம். கண்ணாடியும் ஷட்டரும் ஒருசேர இயங்கும் கணத்தில் காமிரா 2 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். புதிய பேட்டரியில் அரை வோல்ட் குறையும். பழையதில் 3.2 வோல்ட் குறைந்து 4.7 வோல்ட்தான் மிஞ்சும். அந்த அழுத்தத்தில் காமிரா தன்னை நிறுத்திக்கொள்ளும். இந்தச் சோதனையை வாசகர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். தவறுதலாகக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

ஆகவே தாலிப் படத்தைக் கோட்டை விட்டது மின்னூட்டக் குறைவால் அன்று, முதுமையால். அந்தக் கிழப் பேட்டரியையே கிரிப்பிலும் வைத்தால், இரண்டு இருக்கின்றன என்ற நினைப்பு மட்டுமே மிஞ்சும்.

வாங்குவோர் கவனத்துக்கு

அப்படியானால் கிரிப் வீண் செலவா? அன்று. உளுந்தூர்ப்பேட்டை வட்டம் கூவாகத்தில் சித்திரை மாதக் கூத்தாண்டவர் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். திருநங்கையர் தாலி ஏற்கும் இரவு முழுவதும், மறுநாள் தேரோட்டம் வரையும் விழித்திருந்து படமெடுப்பவருக்கு மின்னேற்றம் செய்யும் இடம் ஏது? அங்கே இரட்டைப் பேட்டரி பெருந்துணை. வீடியோ எடுப்போருக்கும் அவ்வாறே. கண்ணாடி இல்லாத புதிய வகைக் காமிராக்களில் உணர்வியும் திரையும் ஓயாமல் இயங்குகின்றன. 2013 இல் வந்த சோனி ஏ-7 ஒரு பேட்டரியில் ஏறத்தாழ 300 படங்களோடு நின்றது.

எடையிலும் ஒரு நன்மை உண்டு. கனமான லென்சின் முன் இலேசான காமிரா தலைகுப்புறச் சாயும்; கிரிப் அதைச் சமன் செய்யும். நிற்கும் மணமக்களைச் செங்குத்தாக எடுக்கும்போது கை முறுக வேண்டியதில்லை. ஆனால் பத்து மணி நேரம் கழுத்தில் தொங்குவதும் அதே எடைதான்.

வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்கு வேண்டியது நீண்ட நேரமா, வேகமா? வேகம் என்றால், என் காமிரா உயர்ந்த மின்னழுத்தத்தை ஏற்கும் வகையா? என் பேட்டரிகளின் வயது என்ன? வாங்கிய பின், பேட்டரிகள்மீது வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள். கோடை வெயிலில் நிற்கும் காரில் அவற்றை விடாதீர்கள். நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் பாதி ஏற்றத்தில் வைத்து, கிரிப்பிலிருந்து கழற்றி வையுங்கள். தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பிய பேட்டரியைக் கிரிப்புக்குள் அழுத்தித் திணிப்பது ஆபத்து. அதைக் குப்பையிலும் எறியாமல், மின்னணுக் கழிவு சேர்ப்போரிடம் கொடுங்கள்.

என் மாணவர் கிரிப்பை விற்கவில்லை. கிழப் பேட்டரியை ஒதுக்கிவிட்டு ஒரு புதிய பேட்டரி வாங்கினார். அண்மையில் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போய்வந்து, காமிராவின் திரையில் படங்களைக் காட்டினார். முதல் முடிச்சு, இரண்டாம் முடிச்சு, மூன்றாம் முடிச்சு. மூன்றும் இருந்தன.

"வேகம் அதே வேகந்தான் சார். ஆனா நிக்கல" என்றார்.